எரியும் கிணற்றுக்கு என்ன விலை?

"ஐயோ... கிணறு எரியுது!"

தோட்டத்திலிருந்து வந்த அருளையாவின் அலறல் மந்தரீன் ஆரஞ்சு மரங்களைத் தாண்டி வீட்டுக்குள் பாய்ந்தது.

இத்தாலியின் பலெர்மோ நகரத்து ஓரம், சியாகுல்லி. 1996 மார்ச். காலை பத்து மணி.

முன்கூடத்து மேசையருகே தோட்டத்துச் சொந்தக்காரி சிஞ்ஞோரா எமிலியானா. எதிரே, எரிவாயுக் கம்பனி இன்ஜினியர் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட பெல்லோமோ. காப்பித் தட்டோடு வீட்டு வேலைக்காரி அகஸ்ரீனா. மன்னார்க்காரி. தோட்டத்தில் வேலை செய்யும் அருளையாவின் மனைவி.

மேசையில், தோட்டத்தில் காஸ் தோண்ட இருபது வருடக் குத்தகைப் பத்திரம்!

சிஞ்ஞோரா கேட்ட கேள்விகளில் வியர்த்துப்போய், இன்ஜினியர் அப்போதுதான் கிளம்பப் பையைத் தூக்கியிருந்தார்.

எல்லோரும் ஓடினார்கள்.

கிணற்றின் வாயில் ஆள் உயரத்துக்கு நெருப்பு!

"உண்மையாவே... காஸ் இருக்கோ?" இன்ஜினியர் முணுமுணுத்தார்.

"பக்கத்திலை போகாதேங்கோ! வெடிக்கப்போகுது! இந்த நிலமே ஆபத்து!" அருளையா கைகளை விரித்துக் கத்தினான்.

ஒருவரும் ஓடவில்லை. இன்ஜினியரின் கண்கள் மின்னின.

"சிஞ்ஞோரா! குத்தகை இரட்டிப்பு! பதிவுக் கட்டணமும் இரட்டிப்பு... பத்து மில்லியன் லீரா. அதை மட்டும் நீங்கள் இப்பவே கட்டவேணும். வாங்கோ உள்ளை!"

அருளையாவின் வாய் திறந்தபடி நின்றது.

அகஸ்ரீனா அவனை மரத்துக்குப் பின்னால் இழுத்தாள்.

"இஞ்சை திரும்புங்கோ. இடது புருவம் எங்கை?"

"புருவமோ...?"

"கருகிப்போய்க் கிடக்கு. நீங்கள்தானே கொளுத்தினீங்கள்?"

"மெல்லக் கதையும்! பயந்து ஓடிடுவான் எண்டு நினைச்சன்..."

"காஸ் தேடி வந்தவன் நெருப்பைக் கண்டு ஓடுவானோ? கலியாண வீட்டுக்கு வந்தவனுக்குப் பிரியாணியைக் காட்டிக் கலைச்ச கதைதான்!"

"இப்ப என்னப்பா செய்யிறது?"

"கையெழுத்து விழுந்தால் மரம் எல்லாம் தறிப்பாங்கள். எங்கடை வீடும் இல்லை, வேலையும் இல்லை. வேலை இல்லாமல் இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மேசோ புதுப்பிக்கேலுமோ? வாங்கோ, உண்மையைச் சொல்லுவம்!"

இருவரும் உள்ளே பாய்ந்தார்கள்.

சிஞ்ஞோராவின் ஒரு கையில் பேனா. மறு கையில் காசு திணித்த தடித்த கடித உறை!

"சிஞ்ஞோரா, வேண்டாம்! அது பொய் நெருப்பு! என்ரை மனிசன்தான்..."

"வாயை மூடு, அகஸ்ரீனா."

சிஞ்ஞோரா இனிமையாகச் சிரித்தாள். உறையை நீட்டினாள்.

"இன்ஜினியர், முதல்லை பற்றுச்சீட்டிலை உங்கடை கையெழுத்து."

உறையிலேயே கண்ணாயிருந்த அவருக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை; வாசிக்காமலே போட்டார். உறை சட்டைப்பைக்குள் போனது.

சிஞ்ஞோரா கைதட்டினாள்.

சமையலறைக் கதவு திறந்தது. பின்வாசலால் வந்து ஒளிந்திருந்த இரண்டு கரபினியேரிப் பொலிசார்!

"எ... என்ன இது?"

"இத்தாலியிலை நிலத்துக்குக் கீழை இருக்கிற காஸ் அரசாங்கத்தின்ரை, பெல்லோமோ. எனக்குச் சொந்தமில்லாததை நான் எப்பிடிக் குத்தகைக்கு விடுறது? இது தெரியாதவன் இன்ஜினியரோ? நாலு தோட்டக்காரரிட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மறைஞ்ச கள்ளன் நீ!"

கைவிலங்கு 'க்ளிக்' என்றது.

பெல்லோமோ விம்மினான். "நான் சந்தேகப்பட்டு எழும்பிட்டன்... அந்த நெருப்புத்தான் திரும்ப இருத்திப்போட்டுது! நான் சொன்ன பொய் நிசமாப்போச்செண்டு நானே நம்பிட்டன்!"

சிஞ்ஞோரா அருளையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"நல்ல வேலை செய்தாய்! மரமும் நிக்கும், நீங்களும் இஞ்சையே இருப்பீங்கள்."

அருளையா நெஞ்சை நிமிர்த்தினான்.

"எல்லாம் என்ரை திட்டம்தான், சிஞ்ஞோரா!"

அப்போது ஒரு கரபினியேரி வெளியிலிருந்து எதையோ உருட்டிக்கொண்டு வந்தார். எரிவாயு சிலிண்டர்! கிணற்றுக்குள் போன ரப்பர் குழாய் இன்னும் அதில் தொங்கியது.

"மதிலுக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சிருந்தது. மூடிட்டன், நெருப்பும் அணைஞ்சுது. ஆனால் இது என்ன எழுத்து?"

சிலிண்டரில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை அகஸ்ரீனா குனிந்து பார்த்தாள். தங்கள் வீட்டு அடுப்புக்கு வாங்கும் புதுச் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும் என்று அறிய, தொடங்கிய தேதியை எழுதி ஒட்டுவது அவள் வழக்கம்.

'மார்ச் 11. புதுசு.'

அவளுடைய கையெழுத்து. நேற்றைய தேதி!

மெல்ல நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அருளையா கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"சிஞ்ஞோரே," என்றாள் அகஸ்ரீனா, கரபினியேரியிடம். "ஜீப்பிலை இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கோ? இவரையும் கொண்டுபோங்கோ... மத்தியானம் அங்கையாவது சமைச்ச சாப்பாடு கிடைக்கும்!"