கதவுக்கு இந்தப் பக்கம்

தம்பி தங்கியிருந்த அறையைக் காலி செய்ய அண்ணன் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கத் தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்கப்பா. உள்ள யாரையாவது தங்க வெச்சிருக்கீங்களா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"டக்கு டக்குன்னு ஒரு சத்தம். அவன் விளையாடுறப்போ பட்டனைத் தட்டுவானே, அதே சத்தம்."

"எலியா இருக்கும்" என்றான். பயமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ஒரு மாதமாக அவனுக்கு எதுவுமே உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவன் வேலை. பைக்கிலிருந்து விழுந்து அடிபட்டு வந்த தம்பியையும் அவன்தான் எடுத்தான். "மூச்சை இழுத்துப் பிடி" என்றான். தம்பி பிடித்தான். படம் விழுந்ததும் 'விடலாம்' என்று சொல்லவேண்டும். திரையில் தெரிந்ததைப் பார்த்தபிறகு அண்ணனுக்கு வாய் வரவில்லை. அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது. சாவு வீட்டில் அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று சொந்தக்காரர்கள் அவன் காதுபடவே பேசினார்கள். அதுவும் உறைக்கவில்லை.

அறைக்குள் பூட்டிக் கிடந்த வாடை. கட்டில்மேல் பட்டன்கள் தேய்ந்துபோன ஒரு வீடியோ கேம் கன்ட்ரோலர். அலமாரியில் இன்னொன்று, பெட்டி பிரிக்காமலே. அது யாருக்காக வாங்கியது என்று அவனுக்குத் தெரியும்.

"ஒரே ஒரு ஆட்டம்ணா. ரெண்டு பேரா ஆடணும், வா" என்று தம்பி கேட்காத வாரமில்லை. "நாளைக்குடா" என்று அண்ணன் சொல்லாத வாரமுமில்லை.

தம்பிக்கு நெட்டில் ஒரு கூட்டம் இருந்தது. குழுவின் பெயரே 'வாங்கலாமா வேண்டாமா'. புது கேம் வந்ததும் ஒருவர் முந்திக்கொண்டு வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்வார். இன்னொருவர் விமர்சனம் எழுதுவார். மற்றவர்கள் அதைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். அங்கே தம்பியின் பட்டப்பெயர் 'கதவு'. இருவர் ஆடும் கேம் ஒன்றில் ஒரு கதவு உண்டு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால்தான் திறக்கும். நாங்கள் வருகிறோம், திறந்துகொண்டு போய்த் தொலையேன் என்று கூட்டமே கேலி செய்தும், அண்ணன் வரட்டும் என்று கதவடியிலேயே நின்றவன் அவன்.

அவர்களுக்கு இன்னும் சேதி போகவில்லை. அதைச் சொல்லிவிட்டு மூட்டை கட்டலாம் என்று அண்ணன் கம்ப்யூட்டரைப் போட்டு, குழுவைத் திறந்தான்.

"நான் கதவோட அண்ணன். அவன் போன மாசம் இறந்துட்டான்" என்று எழுதி, தன் போன் நம்பரையும் போட்டான்.

பிறகு 'பூனை' என்ற பெயரில் ஒரு பதில் வந்தது.

"என்னண்ணா இப்படிச் சொல்றீங்க? காலையிலகூட கதவுகிட்ட நின்னுட்டிருந்தான். அண்ணன் இன்னைக்கு வர்றான்னு சொன்னானே."

எவனோ தம்பியின் கணக்கைத் திருடியிருக்கவேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு கேமைத் திறந்தான். மூடிய கதவு. அதன் இடப்பக்கம் ஒரு சின்ன உருவம், முதுகைக் காட்டிக்கொண்டு. அண்ணன் பெட்டியைப் பிரித்துப் புது கன்ட்ரோலரைச் செருகினான். வலப்பக்கம் இரண்டாவது உருவம் வந்து நின்றது.

முதல் உருவம் திரும்பிப் பார்த்தது.

கட்டில்மேல் கிடந்த கன்ட்ரோலரில் விளக்கு எரிந்தது.

டக்.

பட்டன் தானாக அமுங்கி எழுந்தது. டக். டக். பொறுமை போனால் தம்பி இப்படித்தான் தட்டுவான். பூட்டிக் கிடந்த வாடை போய், அறையில் ஆஸ்பத்திரி மருந்து நெடி. பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது.

அண்ணனின் கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அமுக்கினால் கதவு திறக்கும். திறந்தால் தம்பி அந்தப் பக்கம் போய்விடுவான், அப்புறம் ஒன்றுமே மிச்சமில்லை. ஒரு மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு நெஞ்சு வலித்தது. கூடவே பயமும் வந்தது.

வாயில் வந்தது பழைய வார்த்தைதான்.

"நாளைக்குடா."

விளக்கு அணைந்தது.

வயர்களைப் பிடுங்கி, எல்லாவற்றையும் அள்ளிக் காரின் பின்சீட்டில் போட்டான்.

"எலிதானா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரம்மா சாவியை வாங்கினார்.

"எலிதாம்மா."

காரில் ஏறி உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஒரு பெண் குரல், கிசுகிசுப்பாக.

"அண்ணா, நான் பூனை பேசுறேன். அவன் திரும்ப வந்து கதவுகிட்ட நிக்கிறான்."

"கம்ப்யூட்டர் என்கிட்ட இருக்கும்மா. வயரெல்லாம் கழட்டியாச்சு."

"நாளைக்குன்னு நீங்க சொன்னீங்களாம். பரவாயில்லை, நிக்கிறேங்கிறான்." அவள் தயங்கினாள். "ஆனா குரலே சரியில்லண்ணா. நெஞ்சு அடைச்ச மாதிரி பேசுறான். உங்ககிட்ட ஒண்ணு கேட்கச் சொன்னான்."

"என்ன?"

"மூச்சை விடலாமான்னு."

அண்ணன் வாயைத் திறந்தான். அன்றைக்குப் போலவே குரல் வரவில்லை.

பின்சீட்டில் மெல்ல ஒரு சத்தம்.

டக்.