பூஞ்சைக்கு விடைகொடுத்த செடி

செவ்வாயின் நான்காம் குவிமாடத்தில் காலையில் எழுந்ததும் எல்லோரும் சுவரைப் பார்த்து நாக்கை நீட்டுவார்கள். சுவரிலுள்ள கிருமிமானி தொட்டுப் பார்த்துப் பச்சை விளக்கைக் காட்டினால்தான் கதவு திறக்கும், காப்பி கிடைக்கும். பல் துலக்குவதுபோல அதுவும் பழகிவிட்டது.

அப்படிப்பட்ட ஊரில் பூஞ்சை வளர்க்க அனுமதி வாங்கியவர் பொற்கொடி. ஏற்காட்டைவிட்டு வந்து இருபத்தாறு வருடமாகியும், மழை விட்டதும் மரப்பட்டையிலிருந்து எழும் வாசனைக்கு ஏங்குகிறவர். அங்கிருந்து ஒரு குப்பி ஆர்க்கிட் விதை கொண்டுவந்திருந்தார். தூசு போன்ற அந்த விதைக்குள் சாப்பாடு கிடையாது. அதற்கென்றே உள்ள ஒரு பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை ஒட்டிய பட்டைத் துண்டும் கூடவே வந்திருந்தது. மங்கிய ஒளியில், சத்தில்லாத பட்டைத்தூளில், குப்பி விதை முழுவதும் தூவியதில் தேறியது ஒரே செடி.

கணவர் சேந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் கொடி, அதை இருட்டுல வச்சுப் பட்டினி போடுற? கொஞ்சம் வெளிச்சம் காட்டு, உரம் குடு. பூ பாக்கணும்னுதானே இத்தன வருசம்?"

"எனக்கும் ஆசைதாங்க. நமக்கும் வயசாவுது."

விளக்கு கூடியது, உரநீர் வந்தது. இலைகள் தடித்தன. தானே சமைக்கத் தெரிந்துகொண்ட செடி பூஞ்சையைக் கைகழுவியது. வேரில் அது இருந்த சுவடே இல்லை. ஐந்தாம் மாதம் வெள்ளையாக ஒரு கொத்துப் பூத்தது. பொற்கொடி வெட்கப்படாமல் அழுதார்.

"கல்யாணமான புதுசுல இதத்தான் தலையில வச்சிருந்தே."

"நீங்க மரமேறிப் பறிச்சீங்க. தோட்டக்காரர்கிட்ட திட்டு வாங்குனது நான்."

செடிதான் தானாக வாழ்கிறதே, பட்டைத் துண்டில் மிச்சமுள்ள பூஞ்சையை எரித்துவிடலாமா என்று குவிமாடத்தின் நலக்குழு கேட்டது. பொற்கொடி சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். வீட்டில் பூசணம் இருப்பது யாருக்குத்தான் பெருமை?

பிறகு அவரே மகரந்தம் சேர்த்தார். காய் வெடித்து லட்சக்கணக்கில் விதை கொட்டியது. ஒன்றுகூட முளைக்கவில்லை. பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரைக் கூழில் போட்டுப் பார்த்தும் அசையவில்லை. தாய்ச்செடிக்கோ இலை பழுக்கத் தொடங்கிவிட்டது.

பதறிப்போய், அங்கே விதை முளைக்கிறதா என்று கேட்டு ஏற்காட்டு மலைத்தோட்டத்துக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது.

"அன்புடையீர், சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிக்கக் கூடாதென்று இங்குள்ள மரங்களையெல்லாம் கிருமிநாசினியால் கழுவிப் பளிச்சென்று வைத்திருக்கிறோம். இருக்கிற செடிகள் நன்றாகவே பூக்கின்றன. புதிதாகத்தான் ஒன்றும் முளைப்பதில்லை. அந்தப் பூஞ்சை தங்களிடம் பத்திரமாக இருப்பதாக அறிகிறோம். கொஞ்சம் அனுப்பி உதவவும்."