தாய்மாமன் ரத்தம்

தர்மினியின் வலது கட்டைவிரல் இடது முழங்கை மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஊசியும் இல்லை, கட்டும் இல்லை. எல்லாக் குழாயும் கழுத்தில்தான் ஏறியிருந்தது. நினைவில்லாமல் கிடப்பவள் அங்கே மட்டும் ஏன் அழுத்துகிறாள் என்று யோசித்த யசோதரன், தன் கட்டைவிரலும் சட்டைக் கையின் மேலாகத் தன் இடது முழங்கை மடிப்பில்தான் இருக்கிறது என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தான். இரண்டு வாரத்துக்கு முன் அவளுக்காக அவன் ரத்தம் கொடுத்த இடம் அது. விரலை எடுத்தான். அவளும் எடுத்தாள்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டான். வேறு என்னதான் சொல்லிக்கொள்வது?

சாயங்கால மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு அப்பால் கடலும் தெரியவில்லை, அக்கரையும் தெரியவில்லை. ஃபெரி ஊதும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்து இயந்திரங்களின் கீச்சொலியோடு கலந்துபோனது. மருந்து வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, காயாத துணியின் வாசனை, அவள் தோலிலிருந்தே வந்தது. உள்ளங்கையில் தொடங்கிய சிவப்பு கழுத்து, காது என்று ஏறி, மழையில் ஊறிய சுவர்போல உரிந்துகொண்டிருந்தது. அவன் மடியில் உட்கார வைத்துத்தான் அந்தக் காதைக் குத்தினார்கள். அவன் அவளுக்குத் தாய்மாமன்.

பத்து காவான் என்ற ஊரிலிருந்த ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிற வழியில் அவள் கார் லாரியில் மோதியது. முதல் நாள் யார் யாருடைய ரத்தமோ பை பையாக ஏறியது. அது ஒரு தீங்கும் செய்யவில்லை. மறுநாள் இன்னும் வேண்டும் என்றபோதுதான் அவனுடைய அக்கா வள்ளிநாயகி பிடிவாதம் பிடித்தாள். கூடப் பிறந்த தம்பி குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது, பிள்ளை உடம்பில் ஊரான் ரத்தம் எதற்கு என்றாள்.

ரத்தம் எடுக்கும் இடத்திலிருந்த பெண், நோயாளிக்கு நீங்கள் சொந்தமா என்று அவனைக் கேட்டாள். சொந்தக்காரர் ரத்தத்தை முதலில் ஒரு கதிர்வீச்சு இயந்திரத்தில் வைத்து எடுக்க வேண்டும், அது இங்கே இல்லை, வெளியே அனுப்பினால் நாளைதான் வரும் என்றாள். நாளைவரை பிள்ளை தாங்காது என்று அக்கா பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். அடையாள அட்டையில் அவனுடைய அப்பா பெயர் வேறு, தர்மினியின் அப்பா பெயர் வேறு. யாருக்குத் தெரியப்போகிறது? அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சொந்தமில்ல. தெரிஞ்சவங்கதான்."

நேற்று டாக்டர் அக்காவையும் அவனையும் கூப்பிட்டு, நெருங்கிய சொந்தம் யாராவது ரத்தம் கொடுத்தார்களா என்று விசாரித்தார். ஒரே குடும்பத்து ரத்தம் என்றால் சில சமயம் உடம்பு அதை ஊரான் என்று விரட்டாமல் உள்ளே விட்டுவிடும். உள்ளே போனது மெல்ல வீட்டுக்காரனாகி, வீட்டுக்காரியையே துரத்த ஆரம்பிக்கும் என்றார். காரணம் உறுதியானால் ஒரு சிகிச்சை பார்க்கலாம், ஆனால் மறுநாளுக்குள் தொடங்கியாக வேண்டும் என்றார். தம்பி மாட்டிக்கொள்வானே என்ற பயத்தில் அக்கா முந்திக்கொண்டு இல்லை என்றுவிட்டாள். அவனும் தலையாட்டினான்.

அதன்பின் அவன் கண்மூடவில்லை. சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் இன்று தனியாக வந்திருந்தான். நர்ஸ் சுலைஹா மருந்துப் பையோடு உள்ளே வந்ததும் எழுந்தான்.

"மிஸி, நான்தான் இவளுக்கு ரத்தம் கொடுத்தேன். நான் இவளோட தாய்மாமா. டாக்டர்கிட்ட சொல்லுங்க."

சுலைஹா பையை அப்படியே வைத்தாள். இப்போதாவது சொன்னீர்களே என்று முணுமுணுத்துவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் இருந்த ஃபோனை எடுத்தாள். அவனுக்கு அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

ஒரு செருமல் கேட்டது.

கட்டிலிலிருந்து.

தர்மினியின் கண்கள் திறந்திருந்தன. அவனையே பார்த்தன. கட்டைவிரல் மறுபடி முழங்கை மடிப்பில்.

"சொந்தமில்ல."

அவனுடைய குரல். அவன் வாய் மூடியே இருந்தது.

"தெரிஞ்சவங்கதான்."

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே சுலைஹா திரும்பினாள். கட்டிலைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, இதுல போயி மாத்தி மாத்திப் பேசுறீங்க? கொடுத்தது சொந்தமா, இல்லையா?"

சொந்தம் என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான். கட்டிலைச் சுட்டிக்காட்டக் கையைத் தூக்கினான். கை போகவில்லை. தானாக வளைந்து முழங்கை மடிப்பில் போய் அழுத்தியது.

அவன் உதடுகள் அசைந்தன. பேச்சு கட்டிலிலிருந்து வந்தது.

"மன்னிச்சிருங்க மிஸி. ரெண்டு நாளா தூக்கமில்ல. ஏதோ உளறிட்டேன்."

சுலைஹா பெருமூச்சு விட்டாள். ஃபோனை வைத்தாள். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்கள் அண்ணே என்று பரிவாகச் சொல்லிவிட்டு, மருந்துப் பையோடு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவன் வாய் இன்னும் திறந்தே இருந்தது. மழை. கீச்சொலி. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் தர்மினியின் உதடுகள், அவன் சொல்ல நினைத்த ஒவ்வொரு சொல்லுக்கும், சத்தமில்லாமல் அசைந்தன. மாஸ்க்கில் ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.