விரிப்பின் மறுமுனை

அம்மா செத்து, நான் மறுபடி வேலைக்கு வந்த அன்று ஆஸ்பத்திரி சலவைக்கூடம் அப்படியேதான் இருந்தது. தரைக்குக் கீழே நீளமான கூடம். பட்டப்பகலிலும் விளக்கு எரியும். நீராவியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ப்ளீச் வாடை வீடு வரைக்கும் கூடவே வரும்.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரு முனை. உதறி, இழுத்து, எதிரெதிராக நடந்துவந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். எனக்கு ஜோடி அம்மாதான். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அம்மாவின் கூலி அவள் கைக்கு வராது. அண்ணனின் படிப்புக் கடனுக்கு நேராகப் போய்விடும். ஜாமீன் கையெழுத்து போட்டவள் அவள்தானே.

அண்ணன் எங்கள் வீட்டுத் துரை. கட்டட வடிவமைப்பு படித்தவன். நல்ல சம்பளம்தான், ஆனால் கைக்கு வருவதற்கு முன்பே கரைந்துவிடும். ஏரி தெரிகிற ஃப்ளாட், தவணையில் கார், கார் நிறத்துக்குப் பொருத்தமாகக் கைக்கடிகாரம். "இப்படி இருந்தாதான் நாலு பேர் மதிப்பாங்க" என்பான். அந்த நாலு பேரில் அம்மா கிடையாது. வெந்துபோன கைகளோடு அவள் இங்கேயே ஒரு மூட்டை மேல் சாய்ந்து செத்தாள்.

எனக்குப் புது ஜோடி இன்னும் வரவில்லை. தனியாகவே ஒரு விரிப்பை உதறினேன்.

மறுமுனை தரையைத் தொடவில்லை.

நீராவிக்குள் இடுப்பு உயரத்தில் நின்றது. பிறகு இறுகியது. முதலில் மெல்ல, அப்புறம் வெடுக்கென்று ஓர் இழுப்பு. அம்மா இழுப்பது அப்படித்தான்.

"அம்மா?"

மறுமுனை என்னை நோக்கி வந்தது. முனைகள் சேர்ந்தபோது என் விரல்கள்மேல் விரல்கள் பட்டன. ஈரமாக, தோலுரிந்து, சில்லென்று.

ஓடிப்போய் சூப்பர்வைசர் அக்காவிடம் நின்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"உங்கம்மா பேர்ல மூட்டை விழுந்துட்டுதான் இருக்கு" என்று கிசுகிசுத்தார். "நானும் கணக்குல ஏத்திட்டுதான் இருக்கேன். எனக்கும் பயம்தாம்மா. கடன் தீராம போகமாட்டாங்க போல."

செத்தும் உழைக்கிறாள். பயம் போய் எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணனைப் போனில் கூப்பிட்டு, அம்மா விஷயம், உடனே வா என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்தான். மூக்கில் கைக்குட்டை. ஒரு விரிப்பை உதறி, என் முனைகளை அவன் கையில் திணித்தேன்.

"பிடி."

விரிப்பு இறுகியது. அவன் முகம் வெளுத்தது. மறுமுனை நெருங்கி வந்தது. கைகள் பட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா கை" என்றான்.

"செத்தும் உன் கடனுக்குத்தான் மூட்டை மடிக்கிறா. கடனை நானே கட்டிக்கறேன்னு அவகிட்ட சொல்லு. காரை வித்துடு. சின்ன வீடா பார்த்துப் போ. அவ போகட்டும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டான். அடுக்கியிருந்த மூட்டைகளையே வெகுநேரம் பார்த்தான். உதடுகள் அசைந்தன. ஏதோ வேண்டிக்கொள்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப... படிப்புக் கடன் தவணை நிக்கலையா?"

"நிக்கல."

பெருமூச்சு விட்டான். நிம்மதியில் விட்ட மூச்சு அது. மூட்டைகளைத்தான் எண்ணியிருக்கிறான்.

"இந்த ஒரு வருஷம் மட்டும் இப்படியே போகட்டுமே. ஃப்ளாட் உள்வேலைக்குப் புதுசா ஒரு லோன் எடுத்திருக்கேன். அம்மாவுக்கும் இது பழகின வேலைதானே."

ஓங்கி அறைந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறினான். மேலே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

நீராவியைப் பார்த்துத் திரும்பினேன். தரையில் கிடந்த விரிப்பின் மறுமுனை மறுபடி எழுந்து எனக்காகக் காத்திருந்தது. என் முனைகளை எடுத்துக்கொண்டேன்.

"கேட்டியாம்மா அவன் பேசினதை? இவனுக்காகவா? போதும், விட்டுடு."

அவள் இழுத்தாள்.

"நான் மாட்டேன். ஜோடி இல்லாம நீ எப்படி மடிப்பன்னு பாக்கறேன்."

நான் விட்டுவிட்டால் அவளும் விட்டுத்தான் ஆகவேண்டும். ஓய்ந்து எங்கேயாவது போய்ச் சேரட்டும். இரண்டு கைகளின் பிடியையும் விட்டேன்.

என் முனைகள் விழவில்லை.

என் தோளை உரசிக்கொண்டு யாரோ அவற்றை வாங்கிக்கொண்டார்கள். அம்மாவைவிடக் குள்ளமான யாரோ ஒருத்தி. அவளுக்கு மூச்சு இரைத்தது.

விரிப்பு மடிந்தது. அடுத்தது எழுந்தது.

இந்தப் பெண் யாருக்கு ஜாமீன் போட்டுச் செத்தாளோ என்று நினைத்தபடி பின்னால் நகர்ந்தேன். கூடத்தின் கோடி வரைக்கும், ஆளில்லாத மேசைகள் எல்லாவற்றிலும், விரிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து உதறிக்கொண்டன.