இரண்டாவது சிவப்பு

அம்மாவுக்குத் தூக்கம் போதவில்லை. அவள் வேலைக்குப் போன இரவுகளில் எனக்கும் போதவில்லை. எங்கள் வீட்டில் சுறுசுறுப்பாக இருந்த ஒரே ஆள் அந்தச் சிவப்புப் பறவைதான்.

அம்மாவுக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. காலை ஏழரைக்கு, தலைமுடியில் மாவோடு வருவாள். ஜன்னலின் கறுப்புத் திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் விழுவாள். கண் அசந்து கால் மணி நேரம் ஆகாது.

டொக்! டொக்! டொக்!

கார்டினல். அமெரிக்காவில் எங்கள் ஒஹையோ பக்கம் மார்ச் மாதம் வந்தால் அதற்குச் சண்டைக் காலம். தலையில் கொண்டை, முகத்தில் கறுப்பு, மற்றதெல்லாம் மிளகாய்ப்பழச் சிவப்பு. ஆணுக்குத்தான் இந்தச் சிவப்பு, பெண் வெறும் பழுப்பு. பறந்து வந்து அம்மாவின் ஜன்னலை முட்டும்.

எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. பள்ளியில் பறவைகளைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதற்காக வெளியே விதை போட்டு ஒரு தீனித்தட்டைத் தொங்கவிட்டிருந்தேன். ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதைத்தான் எண்ண வேண்டும். சமையலறையிலிருந்து சாய்வாகப் பார்த்தால், அம்மாவின் ஜன்னலருகே இரண்டு சிவப்புகள் மூக்கோடு மூக்கு முட்டும். “கார்டினல். ஆண் 2, பெண் 1” என்று எழுதினேன். வகுப்பில் வேறு யாருக்கும் இரண்டு ஆண் கிடைக்கவில்லை.

புதன்கிழமை அம்மா காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஜோசி, இன்னிக்கு சிக்னல்ல தூங்கிட்டேன்டி. பின்னாடி வந்த ஆளு ஹாரன் அடிச்சு எழுப்பினாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அந்தத் தீனித்தட்டைக் கழட்டிடு கண்ணு. அதுங்க வேற வீடு பாத்துக்கட்டும்.”

“நோட்டை வெள்ளிக்கிழமைதாம்மா கொடுக்கணும்...”

“அப்ப வெள்ளி வரைக்கும் நான் தூங்க வேணாமா?”

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள். அன்று மாலையே தட்டைக் கழற்றி உள்ளே வைத்தேன்.

வியாழன் காலை எட்டு மணி. டொக்! டொக்!

“தட்டு இல்லாமலே வந்துடுச்சா? நல்லா இருக்கு போ!” என்று அம்மா தலையணையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டாள்.

அழுகையும் கொட்டாவியும் சேர்ந்து வந்தன. நோட்டைப் புரட்டினேன். முதல் ஆண்: விதை தின்றது. பாடியது. பெண்ணுக்கு ஒரு விதையை ஊட்டிவிட்டது. இரண்டாவது ஆண்: சண்டை. சண்டை. மறுபடி சண்டை. ஒரு நாளும் விதை தின்னவில்லை. ஒரு நாளும் பாடவில்லை. அம்மாவின் ஜன்னலைத் தவிர வேறெங்கும் நான் அதைப் பார்க்கவும் இல்லை.

பட்டினி கிடந்து சண்டை போடும் பறவை உண்டா?

மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். பறவை பறந்துவிட்டது. ஜன்னலில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு தூங்குமூஞ்சி என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

நான்தான்! உள்ளே கறுப்புத் திரை இருப்பதால் வெளியே கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. அம்மா தூங்குவதற்காக மாட்டிய திரை!

“அட லூசு, உன்கூடவேவா சண்டை போட்டே?” என்றேன், புதரில் இருந்த பறவையிடம்.

குளியலறை சோப்பை எடுத்துவந்து கண்ணாடியின் வெளிப்பக்கம் தேய்த்தேன். பாதியில் கை நின்றது. முழுவதும் தேய்த்தால் என் இரண்டாவது கார்டினல் போய்விடும். உள்ளே அம்மா புரண்டு படுப்பது கேட்டது. மீதியையும் தேய்த்தேன்.

“யாரது?”

“நான்தாம்மா. சோப்பு போடறேன்.”

“ஜன்னலுக்கா?”

“ஆமா.”

“...சரி.”

ஏன் என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பறவை திரும்பி வந்தது. வெள்ளைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தது. எதிரியைக் காணோம். போய்ப் புதரில் உட்கார்ந்து பாடத் தொடங்கியது. தட்டை மறுபடி தொங்கவிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் 2-ஐ அடித்து 1 என்று எழுதினேன். பக்கத்து சீட்டு வெண்டெல் எட்டிப் பார்த்தான்.

“ரெண்டு ரெண்டுன்னு பீத்திக்கிட்டியே, இன்னொண்ணு எங்க?”

“சோப்பு போட்டு அழிச்சிட்டேன்.”



மாலை மூன்றரைக்கு வீடு திரும்பினேன். வழக்கமாக அந்நேரம் அம்மா சமையலறையில், சிவந்த கண்ணோடு காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இன்று அங்கே யாரும் இல்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, முடியில் மாவோடு, காலையில் படுத்த மாதிரியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

நோட்டை எடுத்து எழுதினேன். “3.40. தட்டில் ஆண் 1, பெண் 1. ஜன்னலில் யாரும் இல்லை. அம்மா தூங்குகிறாள்.”

சத்தம் போடாமல் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எது வந்தது, எது போனது என்று நோட்டில் எதுவும் இல்லை.