சிவப்புப் பட்டியலில் மாநேயோ

புளித்த சோளக் கஞ்சி அடிபிடிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் ஃபோன் அடித்தது. மாநேயோவின் இரண்டு கையும் துடுப்பில் இருந்தன. மாமியார் மாசெல்லோ முந்திக்கொண்டாள். அந்த வீட்டில் எதற்கும் அவள்தான் முந்துவாள்.

கேட்கக் கேட்க அவள் முகம் கறுத்தது. வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பல்கலைக்கழகத்துலேர்ந்து பேசினாங்க. ஆறு வாரமா நீ பாடத்தையே திறக்கலையாம்! படிப்பை விட்டுடுவியோன்னு உன் பேரைச் சிவப்புப் பட்டியல்ல போட்டிருக்காங்களாம்..."

மாநேயோவின் கை நின்றுவிட்டது.

அந்த மலையூரில் ஃபோனில் பேச மட்டும் வீட்டுக்குள்ளேயே சிக்னல் கிடைக்கும். இணையம் வேண்டுமானால் மேட்டுக்கு ஏற வேண்டும். வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு ஃபோன். சனிக்கிழமைதோறும் அதை எடுத்துக்கொண்டு மாநேயோ மேட்டுக்குப் போவாள், மத்தியானம் திரும்புவாள். ஆசிரியர் படிப்பு, இரண்டாம் வருஷம். எல்லை தாண்டிச் சுரங்க வேலைக்குப் போன கணவன், "நீயாவது கரும்பலகை முன்னால நில்லு" என்று ஆசையாகச் சேர்த்துவிட்ட படிப்பு.

"அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை யாரைப் பார்க்கடி போனே?"

"அத்தே... அப்படிச் சொல்லாதீங்க!"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் கம்பளி வியாபாரி கொட்டகை போட்டிருக்கான். ஊரே சிரிக்குது, நான்தான் கண்ணில்லாதவ! என் மகன் பூமிக்குள்ள இறங்கி உசிரைக் கொடுக்குறான், நீ மேட்டுல ஏறி மானத்தை வாங்குறே!"

மாநேயோ மறுபடியும் கஞ்சியைக் கிளறத் தொடங்கினாள். உண்மையைச் சொன்னால் இன்னொருத்தி தலை உருளும். அந்த இன்னொருத்தி சுவரோரம் போர்வைக்குள் முடங்கிக் கிடந்தாள். நாத்தனார் கெனெவே. அதே பல்கலைக்கழகத்தில் அதே படிப்பு, கடைசி வருஷம். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தவள்.

ஏழு வாரத்துக்கு முன்னால் அவள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. பச்சைக் குழந்தை போனால் அங்கே ஊர் கூடி அழுவதில்லை. பெண்கள் நாலு பேர் போய்ப் புதைத்துவிட்டு வந்து அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதைப் பற்றிப் பேசினால் இனி வரப்போகும் பிள்ளைக்கு ஆகாதாம். நல்ல வழக்கம்! பெற்றவள் மட்டும் எந்த வேலையைப் பார்ப்பாள்? கெனெவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்தவள்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? இரு, அவங்களையே கேக்குறேன். ஊரும் கேக்கட்டும்!" மாசெல்லோ திரும்ப எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியையும் போட்டாள். "ஏம்மா, நல்லாப் பார்த்துத்தான் சொல்றியா?"

"பார்த்துத்தான் சொல்றேன்மா," என்றது ஒரு பெண் குரல். "யார் எப்பத் திறக்கிறாங்க, எவ்வளவு நேரம் இருக்காங்கன்னு எல்லாம் இங்க பதிவாகும். மாநேயோ ரொம்ப நல்லாப் படிச்சவங்க, திடீர்னு நின்னுட்டாங்க. உங்க வீட்டுலயே கெனெவே இருக்காங்களே, சனிக்கிழமை தவறாம மூணு மணி நேரம்! அவங்களைப் பார்த்தாவது..."

மாசெல்லோ சுவரோரம் பார்த்தாள்.

"கெனெவேயா? அவ ஏழு வாரமா வாசலைத் தாண்டலையேம்மா!"

துடுப்பைப் போட்டுவிட்டு மாநேயோ முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான்தான் அத்தே! அவ பேர்ல நான்தான் திறந்து வெச்சேன். ஒரு வரி எழுதலே, சும்மா திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்... திறக்காதவங்க பேரை அடிச்சிடுவாங்கன்னு கூடப் படிக்கிறவங்க சொன்னாங்க. பிள்ளையும் போய்ப் படிப்பும் போச்சுன்னா அவ எப்படி எந்திரிப்பா? வாங்குற இணையம் ஒருத்திக்குத்தான் காணும். எனக்கென்ன, அடுத்த வருஷம் இருக்குன்னு..."

அந்தப் பக்கம் எதையோ புரட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அக்கா..." என்றது குரல் மெதுவாக. "அந்தப் பட்டியல் பேரை அடிக்க இல்லக்கா. யார் வரலையோ அவங்களைக் கூப்பிட்டு, என்ன கஷ்டம்னு கேக்கத்தான். கெனெவே வந்துக்கிட்டே இருந்ததால... நாங்க அவங்களைக் கூப்பிடவே இல்ல."

போர்வை அசைந்தது. கெனெவே எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒருத்தராவது கேப்பாங்கன்னு படுத்திருந்தேன் அண்ணி... வீட்டுல யாரும் பேசக் கூடாது. வெளியிலேர்ந்தாவது ஒரு ஆளு..."

"ஐயோ! காப்பாத்துறேன்னு நெனச்சு உன்னைப் பூட்டி வெச்சிட்டேனே..." மாநேயோ அடுப்படியிலேயே சரிந்தாள்.

மாசெல்லோ தன் தோளில் இருந்த கம்பளியைக் கழற்றி மருமகள் மேல் சுற்றினாள்.

"கம்பளி வியாபாரின்னு சொன்ன இந்த நாக்கு அழுகிப் போகட்டும்! பெத்த நான் வழக்கம் வழக்கம்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்... வந்தவ நீ அவளுக்காக மேடு ஏறியிருக்கியேடி..."

"மாநேயோக்கா," என்றது ஃபோன், "உங்க கட்டுரைக்கு நாள் முடிஞ்சுபோச்சு. இந்த வருஷத்தைத் திரும்பப் படிக்கணும்."

மாநேயோவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாகச் சுமந்த கனவல்லவா! கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"படிக்கிறேன்மா, அது கிடக்கட்டும். நீ முதல்ல அவ பேரைச் சிவப்புல போடு. போட்டுட்டுக் கேளு."

ஃபோனைக் கொண்டுபோய் நாத்தனார் கையில் வைத்தாள்.

"கெனெவே..." என்றது குரல். "உங்களுக்கு என்ன ஆச்சு?"

கெனெவே அம்மாவைப் பார்த்தாள். மாசெல்லோ மருமகளைக் கட்டிக்கொண்டபடி, "சொல்லுடி... சொல்லு," என்று விசும்பினாள்.

"எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா," என்றாள் கெனெவே. "பேரு நலெடி. இருபத்துமூணு நாள் இருந்தா."