நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்

ஏரிக்கரை மர வீட்டில் அன்று காலை இருந்தவர்கள்:

ரகுநாதன், 39. டிரெஸ்டனில் ஆராய்ச்சியாளன். சனி ஞாயிறுகளில் தூண்டிலோடு அலைபவன்.

கண்மணி, 31. எர்லாங்கனில் இன்ஜினீயர்.

டொறத்தி, 54. வீட்டையும் படகுகளையும் வாடகைக்கு விடுபவள். எண்பத்தைந்தில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒற்றைக் கைப்பையோடு இறங்கிய ஈழத்தவள்.

உதய், 26. கண்மணியின் தம்பி. ரகுநாதனின் ஆய்வுக்கூடத்தில் மாணவன்.

முதல் மூன்று பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

உதய் ஏரிக்கு அடியில் இருந்தான்.

ஒரு வருஷமாக!

2006, அக்டோபர். ஜெர்மனியின் வடக்கே, காட்டுக்குள் ஏரி. சீசன் முடிந்துவிட்டது. வீட்டு ஜன்னல்களுக்கு வெளியே பலகை அறைந்தாகிவிட்டது.

"எதுக்கும்மா இங்க வரணும்னு அடம் புடிச்ச?" ரகுநாதன் காபியை ஊதினான்.

"தம்பி கடைசியா இருந்த இடத்தைப் பாக்கணும் சார். அன்னைக்கு கூட இருந்தது நீங்க மட்டும்தானே..."

"கூட எங்க இருந்தேன்? நான் காலைல பூரா படகுத்துறையில மீன் புடிச்சிட்டிருந்தேன். அவன் தனியா படகை எடுத்துட்டுப் போனான். போலீஸ்லயே சொன்னேனே."

"எந்தப் பக்கம் போனான்?"

"ஒரே பனி. எதுவும் தெரியல."

ஒரு வருஷத்தில் ஒரு சொல் மாறவில்லை. நன்றாக மனப்பாடம் செய்திருந்தான்!

படகு நாணல் ஓரம் கவிழ்ந்து கிடந்தது. முக்குளிப்பவர்கள் அங்கே பதினோரு நாள் தேடினார்கள். உடல் இல்லை. விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

கண்மணி மூடவில்லை.

அவளிடம் உதய் கடைசியாக அனுப்பிய மெயில் இருந்தது. 'அக்கா, என் ரெண்டு வருஷ ரிசர்ச்சை ரகு சார் தன் பேர்ல ஜர்னலுக்கு அனுப்பிட்டார். திங்கக்கிழமை ப்ரொஃபசர்கிட்ட சொல்லிடுவேன்.'

சனிக்கிழமையே அவன் கதை முடிந்திருந்தது.

கண்மணி மேஜையில் இருந்த மீன் கத்தியை எடுத்தாள். ரகுநாதனின் கழுத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"பிள்ளை!" டொறத்தியின் குரல். "துறையில மீன் கிடக்கு. போய்த் துப்புரவாக்கும்."

கண்மணி கத்தியோடு வெளியே போனாள்.

டொறத்தி ஸ்டூலில் ஏறினாள். சுவரில் ஒரு போட்டோ. ரகுநாதன், கையில் வாய் நிறைய பல்லோடு ஒரு ராட்சத மீன். ஹெக்ட் என்கிற வேட்டை மீன். 118 செ.மீ. 15.10.2005. உதய் காணாமல் போன அதே சனிக்கிழமை.

அவள் அதைக் கழற்றினாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"கழட்டச் சொல்லிப்போட்டினம் தம்பி. மீன்பிடி கிளப்பில ஒருத்தரும் நம்பேல்லையாம்."

"எதை?"

"உந்தத் துறையடியில ஒரு மீட்டர்தான் ஆழம். அங்க நிண்டு உப்பிடி ஒரு ஹெக்ட் பிடிக்க ஏலாதாம். கடையில வாங்கின மீன் எண்டு சிரிக்கினம்."

ரகுநாதனின் காது சிவந்தது.

"எவன் சிரிச்சான்?"

"எல்லாரும்தான். பதினாறு வருஷ ரெக்கோட் எல்லோ? பியர் குடிக்கேக்க உங்கட கதைதான்."

"கடையில வாங்கினதா! பதினஞ்சு நிமிஷம் போராடினேன்க்கா! கை கிழிஞ்சு ரத்தம்!"

"எனக்குத் தெரியும் தம்பி. அவைக்கு ஆர் சொல்லுறது? எல்லாத்துக்கும் ஒரு அன்ட்ராக் வேணும் இந்த நாட்டில." ஒரு விண்ணப்பப் புத்தகத்தை நீட்டினாள். "பிடிச்ச இடம், நேரம், கையெழுத்து. சரியா எழுதினா ரெக்கோட் உங்கட பேரில நிக்கும். இல்லாட்டி இண்டைக்கே படம் அடுப்புக்குள்ள."

அவன் தயங்கினான். கதவைப் பார்த்தான்.

"இது எங்க போகும்?"

"கிளப் அலுமாரிக்கு. ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

கொலையை ஒரு வருஷம் மறைத்தவன். ஒரு மீனை ஒரு நிமிஷம் மறைக்க முடியவில்லை!

"பேனை வடிவா எழுதாது. அழுத்தி எழுதுங்கோ தம்பி."

அழுத்தி எழுதினான்.

இடம்: நடு ஏரி, தீவுக்குத் தெற்கே பள்ளம், 24 மீட்டர் ஆழம். படகிலிருந்து. நேரம்: காலை 7.40.

கையெழுத்து.

டொறத்தி தாளைக் கிழித்து மேஜையில் வைத்தாள். புத்தகத்தை மூடிக் கக்கத்தில் செருகினாள்.

கதவு திறந்தது.

"படகிலிருந்தா சார்?"

கண்மணி! மேஜைத் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எத்தனை படகு இருந்துச்சு அக்கா?"

"அக்டோபரில மற்ற வள்ளமெல்லாம் கரையேத்திப்போடுவன் பிள்ளை. தண்ணியில ஒண்டே ஒண்டுதான். உதய் போன வள்ளம்."

ரகுநாதனின் முகம் வெளுத்தது.

அடுத்த கணம் பாய்ந்தான். தாளைச் சுருட்டினான். விறகடுப்பைத் திறந்தான். வீசினான்.

பற்றியது... கருகியது... சாம்பல்!

சிரித்தான்.

"இப்ப சொல்லு! எந்தப் படகு? எந்தப் பள்ளம்?"

"என் தம்பி எங்க?"

"அந்தப் பள்ளத்துலதான்! மீனை அடிச்ச அதே கட்டையால மண்டையில ஒண்ணு. நங்கூரத்தோட கட்டி இறக்கிட்டேன். போய் எவன்கிட்ட வேணா சொல்லு. ஆதாரம்?"

டொறத்தி பெருமூச்சு விட்டாள்.

"தம்பி, இந்த நாட்டில எத்தனை வருஷமா இருக்கிறியள்?"

"ஏன்?"

"இங்க ஒரு தாளோட முடியிற அன்ட்ராக்கை எங்கயாவது கண்டனீங்களோ?"

புத்தகத்தைத் திறந்தாள். அடியில் மஞ்சள் கார்பன் பிரதி. அதற்கும் அடியில் பச்சைப் பிரதி. இரண்டிலும் அவன் எழுத்து, அவன் கையெழுத்து... தெளிவாக!

அவன் பாய்ந்தான்.

கத்தி முனை தொண்டைக் குழியில் நின்றது.

"வாங்க சார்." கண்மணி கத்தியை லேசாக அழுத்தினாள். "இன்னும் ஒரு அடி. ப்ளீஸ்!"

அவன் அசையவில்லை.

"இதுக்குத்தான் வந்தேன். கழுத்தை அறுக்கத்தான். அக்காதான் தடுத்தாங்க. கத்தின்னா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுமாம். ஜெயில்னா நீ தினமும் சாகணுமாம். தம்பியை நீ எங்க போட்டேன்னும் தெரியணும்ல?"

"கண்மணி... பேசிக்கலாம்மா..."

"முக்குளிக்கிறவங்க வருவாங்க. அவன்கிட்டயே பேசிக்க."

கத்தியை இறக்காமல் பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டினாள். டொறத்தி புத்தகத்தோடு வெளியே வந்து கதவை அறைந்து சாத்தினாள். சாவியை இரண்டு தரம் திருப்பினாள்.

உள்ளே கதவில் குத்து விழுந்தது.

"நீர் என்ரை வீட்டுக்குப் போய் போலீசுக்கு போன் அடியும் பிள்ளை. நான் காவல் இருக்கிறன்."

கண்மணி ஓடினாள்.

"கதவைத் திறங்க! அக்கா... திறங்க!"

டொறத்தி சாவியைக் கோட் பையில் போட்டாள். விண்ணப்பப் புத்தகத்தில் ஒரு வெற்றுத் தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் செருகினாள்.

"திறக்கலாம் தம்பி. அதுக்கும் ஒரு அன்ட்ராக் வேணும்... அழுத்தி எழுதுங்கோ!"